கூரத்தாழ்வான் துதிநூல்களில் மனையிழப்பும் மனச்செலவும்

மனையை இழந்தவன் பாடும் பாட்டின் இயல்பு யாது என்னும் வினா தமிழ் ஆராய்ச்சியில் நேராக எழுப்பப்படுவது அரிது. வறுமைப் பாட்டு, பிரிவுப் பாட்டு, துறவுப் பாட்டு என வேறு வேறு தலைப்புகளின்கீழ் அது பங்கிடப்பட்டு மறைந்துவிடுகின்றது. பத்திப் பாடல்களை ஆராயுமிடத்தோ அவ்வினா இன்னும் சேய்மைக்கண் தள்ளப்படுகின்றது. இவ்வுலகில் இடம் பெறாதவர் மறுவுலகு ஒன்றைக் கற்பித்துக்கொண்டு அதனுள் ஒதுங்குவதே பத்திப் பாட்டு என்பர் ஒரு சாரார். அம்மறுவுலகே மெய்யுலகு, ஆதலின் கற்பனை என்னும் சொல்லே ஈண்டுப் பொருந்தாது என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் பாட்டைப் படிக்கு முன்னரே முடிபைக் கையிற் கொண்டுள்ளனர் என்பது நம் கருத்து. மனையை இழந்த ஒருவர், தம் உள்ளத்தால் எங்குச் சென்றார், சென்ற இடத்தில் எதை வேண்டினார் என்பதைப் பாட்டின் சொற்களைக் கொண்டே காணல் வேண்டும். அதற்கு ஏற்றவை கூரத்தாழ்வான் இயற்றிய ஐந்து துதிநூல்கள். தலைப்பில் வரும் செலவு என்னும் சொல்லை அகத்திணை நூலார் வழங்கும் பொருளிலேயே கொள்க.

அந்நூல்கள் வடமொழியில் அமைந்தவை. தமிழ்த்துறை அவற்றை ஆராய்தற்கு உரிமை யாது என வினவுவார் உளர். பாடியவர் தமிழ்நாட்டார் என்று மட்டும் விடை கூறின் அது போதாது. பாட்டின் கட்டுக்கோப்பே தமிழ் மரபினது என்பதைப் பின்னர்க் காட்டுவோம்.

முதற்கண் வேற்று மொழிப் பாடல்கள் மூன்றனை ஒப்புமைக்காக நோக்குதல் நலம். வீடின்மையும் கற்பனையும் ஒருங்கே பயின்ற பாடல்கள் போர்த்துக்கீசிய மொழியில் மிகப் பல. கடல் கடந்து பிரிந்தோர் மிகுந்த மொழி அது. பிரிந்த பொருளின்மேற் செல்லும் ஏக்கத்திற்குச் 'சவுதாதே' என ஒரு தனிச்சொல்லே அதன்கண் உண்டு. நம் கடற்கரைக்கும் அம்மொழி புதிதன்று. 16ஆம் நூற்றாண்டில் மயிலாப்பூரிலும் நாகப்பட்டினத்திலும் அது ஒலித்தது; அதன் கிளைமொழி ஒன்றை மட்டக்களப்புப் பறங்கியருள் சிலர் இன்றும் பேசுகின்றனர்.

பிரேசில் நாட்டில் 1937இல் வெளிவந்த பாடல் ஒன்று. 'விண்மீன் தரை' எனப் பொருள்படும் பெயருடையது. சொல் ஒரெஸ்டெஸ் பார்போசாவினுடையது. இசை சில்வியோ கால்தாசினுடையது. குன்றின்மேல் தகரக் கூரை வேய்ந்த குடில் ஒன்றில் தான் வாழ்ந்த நாளை ஒருவன் நினைக்கின்றான். கூரையின் ஓட்டைகள் வழியே புகுந்த நிலவொளி தரையெங்கும் மீன்களாய்ச் சிதற, அவன் காதலி அதனை உணராமலே மிதித்து நடக்கின்றாள். இரண்டாவது, சாவோ பாவுலோ நகரத்து அடோனிரான் பார்போசா 1951இல் பாடிப் பதிவு செய்தது. பழைய மனை ஒன்றில் குடில் கட்டி வாழ்ந்த ஏழையர் மூவர். உடையவன் அங்கே மாடமாளிகை எழுப்ப விழைந்து அதனை இடிப்பிக்கின்றான். பலகை ஒவ்வொன்றும் விழுந்தோறும் மூவர் நெஞ்சும் நோகின்றது. இன்று அவர்கள் பூங்காப் புல்லில் உறங்கி, இழந்த குடிலைப் பாடித் தேறுகின்றனர். மூன்றாவது, 1950களில் அமாலியா ரோட்ரிகெசு பாடிப் புகழ் எய்தியது. ரொட்டியும் திராட்சைத் தேறலும் விருந்தினர்க்கு எடுத்து வைத்த எளிய போர்த்துக்கீசிய மனை ஒன்றின் புகழ்ச்சி அது. பாட்டைக் கேட்போர் அது போர்த்துகல் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் எழுந்தது என்றே கருதுவர். ஆனால் அதன் சொல்லாசிரியருள் ஒருவரான ரெய்னால்டோ ஃபெரெய்ரா, ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் நாட்டு லொரன்சோ மார்க்கெசு நகரில் (இன்றைய மாப்புட்டோ) வாழ்ந்து 1959இல் மறைந்தவர். மனையின் பெருமை மனைக்கு மிகத் தொலைவிலிருந்து பாடப்பெற்றது.

இம்மூன்றிலும் உள்ளம் தொலைவிற்குச் செல்கின்றது என்பது மெய்யே. ஆயின் அது சென்று சேரும் இடம் பொன்னுலகன்று. ஓட்டைக் கூரையும் பலகைச் சுவரும் மேசைமேல் ரொட்டியும் உடைய ஒரு வீடு. தப்பி ஓடுதல் என்னும் பெயரை இச்செலவிற்கு இடுதல் பொருந்துமா என்னும் ஐயம் இங்கேயே தோன்றுகின்றது. அவ்வையத்தோடு கூரத்திற்கு வருவோம்.

பட்டு நெசவிற்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிமாநகர்க்கு அணித்தே உள்ளது கூரம். 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலாம் பரமேசுவரவர்மன் அளித்த செப்பேடு இவ்வூர்ப் பெயரால் வழங்குகின்றது. வடமொழியும் தமிழும் விரவிய அச்செப்பேடு இங்கு எடுக்கப்பெற்ற சிவன் கோயிலுக்கு நிலமும் நீரும் உரிமையாக்குவது. அதன்கண் ஒரு செய்தி நம் ஆராய்ச்சிக்கு வேண்டுவது: மண்டபத்திலே பாரதம் வாசிப்பார்க்கு ஒரு பங்கு ஒதுக்கப்பட்டுள்ளது. நாட்டை இழந்து காட்டில் திரிந்த ஐவர் கதை, ஆழ்வான் பிறப்பதற்கு மூன்று நூற்றாண்டுகட்கு முன்னரே இவ்வூரார் செவிகட்குப் பழகியிருந்தது எனத் துணியலாம்.

ஆழ்வான் 1010ஆம் ஆண்டிற் பிறந்தார் என்பது வைணவ மரபு. செல்வக் குடியிற் பிறந்து, நாள் முழுதும் வந்தார்க்கெல்லாம் சோறிட்டு, இரவில் மனைக்கதவை அடைப்பது அவர் வழக்கம். மணிகள் பூண்ட அக்கதவின் ஓசை ஒருநாள் காஞ்சிப் பேரருளாளன் கோயில்வரை கேட்டதாம். அவ்வோசை யாது எனப் பெருந்தேவியார் வினவிய செய்தி திருக்கச்சி நம்பிகள் வாயிலாக ஆழ்வானை எட்டியதும், தம் செல்வம் இறைவன் திருமுன்னர் ஆரவாரம் செய்ததே என நாணி, அனைத்தையும் விடுத்துத் தேவியார் ஆண்டாளுடன் அரங்கம் நோக்கி நடந்தார் என்பர். காட்டு வழியில் அச்சம் உண்டோ எனத் தேவியார் வினவ, மடியில் ஏதேனும் கொண்டனையோ எனக் கேட்டு, அவர் கொணர்ந்த பொன்வட்டிலை வாங்கி எறிந்துவிட்டார் என்பது அதன் தொடர்ச்சி. மடியிற் கனமிருந்தால் வழியிற் பயம் என்னும் பழமொழிக்கு இதனினும் சிறந்த உரை இல்லை. அரங்கத்தில் அவர் இரந்துண்டு வாழ்ந்தார்.

இவ்வரலாற்றைத் துறவுக் கதையாக மட்டும் கொள்வார் ஒன்றைக் காணத் தவறுகின்றனர். ஆழ்வான் தாம் துறந்த ஊரின் பெயராலேயே இன்றளவும் அழைக்கப்படுகின்றார். ஆயின் அவர் பாடிய ஐந்து நூல்களுள் ஒன்றேனும் கூரத்துப் பெருமானை நோக்கியதன்று. வைகுண்டநாதன், அவதாரங்களின் மேன்மை, திருமாலிருஞ்சோலை அழகர், காஞ்சி அருளாளன், திருமகள் ஆகிய இவையே அவற்றின் பொருள்கள். தாமே விடுத்த மனையை நோக்கி அவர் உள்ளம் திரும்பியதற்குத் துதிநூற் பெயர்களில் சுவடே இல்லை. மனையின்மை பாட்டிற்குப் போதுமான காரணம் என்னும் பொதுக்கருத்து இவ்விடத்துத் தளர்ந்துவிடுகின்றது. விடுத்த மனை வேறு. பறிபோன மனை வேறு. முன்னது பாட்டைப் பிறப்பிக்கவில்லை.

பின்னது எங்ஙனம் நேர்ந்தது? சோழ மன்னன் ஒருவன், சிவனுக்கு மேற்பட்ட தெய்வம் இல்லை என்னும் ஓலையிற் கையொப்பமிடுமாறு இராமாநுசரை அழைத்தான், அவர்க்கு மாற்றாக, அவருடைய காவியுடை தாங்கி ஆழ்வான் பெரிய நம்பிகளுடன் அவைக்குச் சென்றார், கண்களை இழந்தார், நம்பிகள் வழியிலேயே உயிர் நீத்தார், இராமாநுசர் போசள நாட்டிற்குச் சென்று மேல்கோட்டையில் தங்கினார். குருபரம்பரை நூல்கள் கூறும் செய்தி இது. அம்மன்னன் முதற் குலோத்துங்கன் என்பாரும் இரண்டாம் குலோத்துங்கன் என்பாரும் உளர். நிகழ்ச்சி கூறியவாறே நடந்ததா என ஐயுறுவாரும் உளர். அவ்வழக்கை ஈண்டுத் தீர்க்க வேண்டுவதில்லை. ஆசிரியரைப் பிரிந்து, அரங்கத்திற்குப் புறத்தே நின்று பாடுகின்றவர் ஒருவரின் குரல் நூலினுள்ளேயே கேட்கின்றது. நமக்கு அவ்வகச்சான்று போதும்.

எனினும் மரபுக் கதையில் ஒரு பகுதியைக் குறிப்பிடாது செல்லல் இயலாது. கண்ணிழந்து அரங்கம் மீண்ட ஆழ்வான் கோயிலுட் புகச் சென்றபோது, இராமாநுசர் தொடர்புடையாரை உள்ளே விடலாகாது எனக் காவலர் தடுத்தனராம். இவர் நல்லவர், இவரை விடலாம் என ஒருவன் கூற, அந்நல்லியல்பு இராமாநுசர் தொடர்பாலேயே வந்தது, அத்தொடர்பை விட்டுப் பெறும் புகல் வேண்டா எனத் திரும்பினார் என்பர். அக்கோயிலின் ஆட்சியுரிமை ஒரு காலத்து அவருடைய மாணாக்கர் திருவரங்கத்தமுதனார் கையில் இருந்தது என்பதையும் உடன் வைத்து நோக்குக. கூரத்து மனைக்கதவை அவர் தாமே அடைத்தார். அரங்கத்து வாயிலை அவர்மேல் பிறர் அடைத்தனர்.

அதன்பின் அவர் சென்ற இடம் மதுரைக்கு வடக்கே உள்ள திருமாலிருஞ்சோலை மலை. மனையிழந்தோர்க்கு இம்மலை தமிழிலக்கியத்தில் முன்னரே அறிமுகமானது. பரிபாடல் 15ஆம் பாடல் அதனைச் சுற்றத்தோடு சென்று தொழுமாறு கூறுவது. சிலப்பதிகாரக் காடுகாண் காதையில், புகாரை விட்டு நீங்கிய கோவலனும் கண்ணகியும் மதுரை நோக்கி நடக்குங்கால், மாங்காட்டு மறையவன் மூன்று வழிகளுள் இடப்பக்க வழியில் இம்மலையையும் அதன் பிலத்தில் உள்ள மூன்று பொய்கைகளையும் புகழ்கின்றான். முதற் பொய்கையில் ஆடின் இந்திரனுடைய இலக்கண நூலறிவு கிட்டும். அடுத்ததில் ஆடின் பழம்பிறப்பை அறியலாம். மூன்றாவதில் ஆடின் நினைத்தவை எல்லாம் எய்தலாம். அலைந்து வருந்துவார்க்கு இதனினும் இனிய அழைப்பு யாது? கவுந்தியடிகள் மூன்றனையும் வேண்டா என மறுத்து, வழியே செல்லப் பணிக்கின்றார். கற்பனைப் புகல் காட்டப்பெற்று மறுக்கப்பெறும் இடம் அது. அம்மலைக்கே, நூற்றாண்டுகள் பல கழித்து, மற்றொரு மனையிழந்தவர் வருகின்றார். நினைத்ததை எய்துவிக்கும் மலையினிடம் அவர் வேண்டியது யாது என்பதே நாம் காண வேண்டுவது.

சுந்தரபாகு ஸ்தவம் 132 செய்யுட்களால் ஆயது. அழகிய தோளுடையான் என்னும் பொருளில் அழகர்க்கு வழங்கும் பெயர் நூற்பெயராயிற்று. மலையின் ஓங்கலும் சோலையும் முன்னர்ப் பாடப்பெறுகின்றன; பின்னர் அழகரின் திருமுடி, நெற்றி, புருவம், கண், இதழ், தோள், மார்பு, அடி என உறுப்புத்தோறும் நின்று நின்று செல்கின்றது பாட்டு. கண்ணிழந்த பின்னர்ப் பாடியது என மரபு கூறுவது உண்மையாயின், இவ்வுறுப்பு வருணனை முழுதும் நினைவாலும் கேள்வியாலும் ஆயதே. அக்கேள்வியில் பெரும்பங்கு பெரியாழ்வார், ஆண்டாள், திருமங்கையாழ்வார், நம்மாழ்வார் ஆகியோர் அம்மலைமேற் பாடிய தமிழுக்கு உரியது என்பதில் நமக்கு ஐயமில்லை. அச்செந்தமிழைப் பயின்ற செவியொன்று வடமொழியில் பேசுகின்றது. வடமொழிப் புலவர் இந்நூலை அணிநயத்திற்காகப் பாராட்டுவர். அணிகள் சில விடத்து மிகையாகவே உள்ளன என்பதையும் நாம் மறைக்க வேண்டுவதில்லை. நூலின் உயிர் அவற்றின்கண் இல்லை. இறுதியில் உள்ள சில செய்யுட்களில் உள்ளது.

நூற்றிருபதுக்கு மேற்பட்ட செய்யுட்களால் அழகரைப் புகழ்ந்து முடித்தபின், ஆழ்வான் ஒரு விண்ணப்பம் செய்கின்றார். அழகர் மலையிலேயே என்றும் வாழ வேண்டும் என்பதன்று அது. வைகுண்டம் வேண்டும் என்பதும் அன்று. அரங்கத்தில், முன்பிருந்தவாறே, இராமாநுசர்க்கு ஆட்பட்டவனாய்த் தாம் உலவ வேண்டும்; அரங்கச் செல்வம் இடையூறின்றி விளங்க வேண்டும். இவ்வளவே. 'யதாபுரம்' என்னும் ஒரு சொல் இவ்விண்ணப்பத்தின் அச்சாணி. புதியது ஒன்றையும் அவர் கேட்கவில்லை, இருந்ததைக் கேட்கின்றார்.

ஓர் ஊர்த் தெய்வத்தின் முன்னின்று, என்னை மற்றோர் ஊர்க்கு அனுப்புக என வேண்டுதல் சற்றே விந்தையானது. நூலின் பெரும்பகுதிக்கும் முடிவிற்கும் இயைபு இல்லை, பிற்பகுதி பின்னர்ச் சேர்த்தது போலும் என விரைந்து படிப்பார் கருதவும் கூடும். ஈண்டுத்தான் தமிழ் மரபு துணை செய்கின்றது. பொருநராற்றுப்படையை நினைவு கூர்க. கரிகாலனிடம் சென்ற பொருநன் பகலும் இரவும் ஊனுண்டு பற்கள் மழுங்குமளவு விருந்தில் திளைக்கின்றான். ஒருநாள் மெல்லத் தன் தொல்பதிக்கு மீள விடை கேட்கின்றான். விருந்தின் சிறப்பு எத்துணை மிகுதியோ அத்துணை அருமை விடை கேட்கும் சொல்லுக்கு உண்டு. புகழ்ச்சி நீண்டதும் வேண்டுகோள் குறுகியதும் ஆகிய இவ்வமைப்பு ஆற்றுப்படைப் புலவர்க்கு இயல்பானது. சுந்தரபாகு ஸ்தவத்தை அழகரின் விருந்தினர் விடைபெறும் பாட்டாகப் படிப்பின் முன்பகுதியும் பின்பகுதியும் ஒன்றாகிவிடுகின்றன. யதாபுரம் என்பது தொல்பதி என்பதன் உடன்பிறப்பு. ஆழ்வான் பொருநராற்றுப்படையைக் கற்றார் என்று நாம் கூறவில்லை. விருந்தோம்பிய புரவலன் முன் நின்று ஊர்நினைவைக் கூறும் பாங்கு, நூல்வழி அன்றியும் ஒரு நாட்டு மக்களிடையே வழிவழி வரக்கூடியதே என்கின்றோம்.

ஆற்றுப்படையைப் பற்றி இன்னும் ஒரு சொல். காஞ்சியை நோக்கிப் பாணனைச் செலுத்துவது பெரும்பாணாற்றுப்படை. அதன் 500 அடிகளையும் வறுமையுற்ற பாணன் செவியால் கேட்டுப் பார்ப்பின், வழியெல்லாம் வீடுகளாகவே இருத்தல் புலப்படும். எயினர் குரம்பை ஈந்தின் இலையால் முள்ளம்பன்றியின் முதுகுபோல் வேயப்பட்டது. வலைஞர் குரம்பை தருப்பை வேய்ந்தது. அந்தணர் மனை கன்று கட்டிய பந்தரும் சாணம் மெழுகிய தரையும் உடையது. இயற்கை வருணனை என நாம் மாணாக்கர்க்குக் கற்பிக்கும் அடிகளிற் பல உண்மையில் கூரை வருணனைகள். தலைக்குமேல் கூரையில்லாதவன் கண்ணே கூரையை இவ்வாறு எண்ணிப் பார்க்கும். காஞ்சியைச் சூழ்ந்த நாட்டிற் பிறந்த பாட்டு மரபு இது.

ஏனைய நூல்களைச் சுருங்கக் காண்போம். அதிமானுஷ ஸ்தவத்தில், கண்ணன் வாழ்ந்த காலத்துத் தாம் பிறவாமைக்கு ஆழ்வான் வருந்தும் இடம் உண்டு. ஆய்ச்சியர் அவனைப் பிரிந்து திரிந்த ஆற்றங்கரை மணலாகவேனும் பிறவாது போனேனே என்பது அவ்வருத்தம். அரசனாகவோ தேவனாகவோ அன்று, மணலாக! தொல்லிடத்தை அடைதல் இயலாதெனின் அவ்விடத்தின் தரையாகவேனும் ஆக வேண்டும் என்னும் இவ்வேட்கை, ஓட்டைக் கூரைவழி விண்மீன் சிந்திய குடிற்றரையைப் பாடியவனுக்கு விளங்கியிருக்கும். வைகுண்ட ஸ்தவம், பெயரளவில், மறுவுலகு பற்றியது. ஆனால் அதன் முதற் செய்யுள் இராமாநுசர் வணக்கம். இன்றும் அவர்க்குரிய தனியனாக ஓதப்படுவது அதுவே. அடுத்து வருவது நம்மாழ்வார் புகழ். வீட்டுலகை நோக்கிப் புறப்படுபவர் முதலில் தம் ஆசிரியரையும் தமிழ் மறை தந்தவரையும் பற்றிக்கொண்டே அடி எடுத்து வைக்கின்றார். ஆளற்ற பொன்னகர் ஒன்று அவர்க்கு வேண்டுவதாகத் தெரியவில்லை. ஸ்ரீ ஸ்தவம் மிகச் சிறியது. நம் பொருட்கு அதிகம் உதவுவதன்று.

வரதராஜ ஸ்தவம் தனித்து நோக்கற்பாலது. இராமாநுசர் அரங்கம் மீண்ட பின்னர், ஆழ்வானைக் காஞ்சிக்கு அழைத்துச் சென்று, கண் வேண்டிப் பாடுக எனப் பணித்தார் என்பது மரபு. அருளாளன் திருமேனியைக் காண வேண்டும் என்னும் வேட்கை நூலுட் பரந்து காணப்படுகின்றது. அருளாளன் வேண்டியதைத் தர முன்வந்தபோது, தம்மைக் காட்டிக்கொடுத்த நாலூரானுக்கும் தாம் பெறும் பேறே கிட்ட வேண்டும் எனக் கேட்டார் என்பர். இராமாநுசர் மீண்டும் வற்புறுத்த, இறைவனையும் ஆசிரியரையும் காணும் அளவிற்கு மட்டும் கண் பெற்றார் என்பர். கதையை ஒருபுறம் வைத்து இடத்தை எண்ணுக. காஞ்சிக் கோயிலினின்று கூரம் மிக அணித்து. எந்த மனையின் கதவோசை அக்கோயிலுட் கேட்டதாகச் சொன்னார்களோ அம்மனை நின்ற ஊர் அது. முதுமையில் கண்ணின்றி அங்கு நின்றவர் அவ்வூரை நோக்கித் திரும்பியதாகக் கதை கூறவில்லை. மரபுக் கதையைப் புனைந்தவர்கட்கும் இவ்வேறுபாடு தெளிவாகவே தெரிந்திருந்தது. விட்டதை வேண்டார், பறிக்கப்பட்டதை மட்டும் வேண்டுவார். செல்வத்தை எறிதல் உரிமையை எறிதல் ஆகாது என்னும் கொள்கை இதனுள் உள்ளது. மனையின்மையை வறுமை என்றோ துறவு என்றோ மட்டும் எண்ணிப் பழகிய நமக்கு இது புதிதாகத் தோன்றலாம்.

தந்தையின் வினாவிற்கு மகன் பாட்டில் விடை காணலாம். அரங்கத்திலே பிறந்தவர் பராசர பட்டர்; கூரத்தில் வாழ்ந்தவர் அல்லர். அவர் காலத்தில் வீரசுந்தரன் என்பான் அரங்கக் கோயிலுக்கு மதில் எடுத்தான். ஆழ்வானுடைய மாணாக்கனாகவே அவன் அறியப்படுகின்றான். மதிலின் நேர்வழியில் பிள்ளைப்பிள்ளையாழ்வான் என்னும் அடியாரின் திருமாளிகை நின்றது. மதிலை ஒதுக்கி எடுக்கலாம், அடியார் மனையை இடிக்கலாகாது என்றார் பட்டர். வீரசுந்தரன் இடித்தான், பட்டர்க்கும் அவனுக்கும் மனவேறுபாடு முற்றியது, பட்டர் அரங்கத்தை விட்டுத் திருக்கோட்டியூரில் சென்று வாழ்ந்தார். அவன் இறந்த பின்னரே மீண்டார். சாவோ பாவுலோவில் மாளிகைக்காகக் குடில் இடிந்தது. அரங்கத்தில் மதிலுக்காக மனை இடிந்தது. இறைவனுக்குரிய மதில் என்பதால் இடித்தது சரியாகிவிடும் எனப் பட்டர் கொள்ளவில்லை என்பது நினைக்கத்தக்கது. பிரேசில் பாட்டில், உடையவனுக்கு உரிமை உண்டு எனத் தோழரைத் தேற்றும் குரல் ஒன்று உண்டு. பட்டர் வரலாற்றில் அத்தகைய குரலுக்கு இடமில்லை.

அரங்கம் மீண்டதோடு தொடர்புபடுத்தப்படுவது பட்டரின் ஸ்ரீரங்கராஜ ஸ்தவம். அதன் முற்பகுதியில் அவர் நேரே கருவறைக்குச் செல்வதில்லை. காவிரியில் தொடங்குகின்றார், அதன் கரைச் சோலைகள், நகர், கோபுரங்கள், மண்டபங்கள், சந்திர புட்கரணி என ஒவ்வோரிடத்தும் நின்று, நின்ற இடத்தை வணங்கி, அதன்பின்னரே உள்ளே புகுகின்றார். பக்தி நூலார் இதனைப் படிமுறை வழிபாடு என்பர். அதுவும் உண்மையே. ஆயினும் பலநாள் பிரிந்திருந்து ஊர் திரும்புபவன் தெருமுனையிலிருந்தே ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து வருதலை அறிந்தவர்கட்கு, இவ்வடைவின் காரணம் வேறொன்றும் புலப்படும். ஆற்றுப்படைப் புலவன் வழியைப் பிறர்க்குக் கூறுகின்றான். பட்டர் தமக்குத் தாமே வழி கூறிக்கொண்டு செல்கின்றார். ஆழ்வான் 'யதாபுரம்' என ஒரே சொல்லில் அடக்கியதை மகனார் வாயில் வாயிலாக விரித்துள்ளார். இவ்விரு நூல்களையும் இணைத்துப் படிக்கும் வழக்கம் உரையாசிரியரிடத்தும் போதிய அளவு இல்லை. பட்ட ஆராய்ச்சி மாணவர் ஒருவர் இதனை மேற்கொள்ளின், சோழர் காலத் தமிழ்நாட்டில் வடமொழித் துதிநூல்கள் தமிழ்த் திணைமரபிற்கு எத்துணைக் கடன்பட்டுள்ளன என்பது விளங்கும்.

ஆழ்வானின் இறுதி பற்றிய வரலாறு ஒன்று எஞ்சியுள்ளது. அரங்கனிடம் அவர் வீடுபேறு வேண்டிப் பெற்றார். செய்தியறிந்து விரைந்த இராமாநுசர், என்னை விட்டு முன்னே செல்வது ஏன் என வினவினார். பரமபதத்தில் முன்னரே சென்றிருப்போர் புதிதாக வருவாரை எதிர்கொண்டு அடி விளக்கி வரவேற்பது முறை, தேவரீர் முன் சென்றால், பின்வரும் அடியேனுக்குத் தேவரீர் அதனைச் செய்ய நேரும், அது தகாது, ஆதலின் அடியேன் முன் செல்கின்றேன் என்றார் ஆழ்வான் என்பர். இதனைப் பணிவின் எல்லை எனப் பெரியோர் போற்றுவர். நாம் மற்றொன்றையும் காண்கின்றோம். கூரத்தில் நாடோறும் வந்தார்க்கெல்லாம் சோறிட்ட மனைக்கிழவர் அவர். அம்மனையை விட்டபின் அரங்கத்தில் இரந்துண்டார், சோலைமலையில் விருந்தினராய் இருந்தார். வைகுண்டத்தை அவர் கருதியபோது, அங்கே தமக்கு ஓர் இருக்கையை எண்ணவில்லை. வாயிலில், கையில் நீரோடு, வரவேண்டிய ஒருவர்க்காகக் காத்து நிற்கும் இடத்தையே எண்ணினார்.